தனுஷ்கோடி ஆட்டோ சவாரி: அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்?

ராமேஸ்வரத்தில் ஆட்டோ பிடித்து, தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை போய்த் திரும்புவதற்கு எங்களிடம் 1,200 ரூபாய் வாங்கினார்கள். 1,500இல் ஆரம்பித்தார்கள். அப்பத்தா ஆட்டோவுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இறங்கட்டுமா, இருக்கட்டுமா?" என்று கேட்டதில் 300 குறைந்தது. காத்திருக்கும் நேரமும் சேர்த்து மூன்று மணி நேரம் என்று பேச்சு. கோதண்டராமர் கோயில், பழைய சர்ச், ரயில்வே ஸ்டேஷன் இருந்த இடம், கடைசியில் முனை என நான்கு இடங்களில் நிறுத்துவார்கள். அரசு பஸ்ஸும் போகிறது. கையில் பையும் காலில் தெம்பும் இருந்தால் பஸ்ஸே போதும், டிக்கெட் காசு ரொம்பக் குறைவு. ஆனால் பஸ் நினைத்த இடத்தில் நிற்காது, வயதானவர்களோடு போனால் அது சரிப்படாது.

சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தச் சவாரி பணத்துக்குப் பழுதில்லை. ரோடு அருமை. 2017இல் முனை வரைக்கும் தார் ரோடு போட்டுவிட்டார்கள். அதற்கு முன்னால் முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும், அதைத் தாண்டி மணலிலும் தண்ணீரிலும் வேன்தான் போகும். இப்போது இரண்டு பக்கமும் கடல், நடுவில் நேர்க்கோடாக ரோடு. ஆட்டோவில் காற்று முகத்தில் அறைகிறது. போட்டோவுக்கு அதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் கிடையாது.

நான் போனது சும்மா சுற்றிப் பார்க்க இல்லை. தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964 டிசம்பர் 22ஆம் தேதி ராத்திரி என் அப்பத்தா அந்த ஊரில் இருந்தவர். அப்போது அவருக்குப் பதினோரு வயது. அதற்குப் பிறகு ராமேஸ்வரத்துக்குத் திதி கொடுக்கவும் தீர்த்தமாடவும் எத்தனையோ முறை வந்திருக்கிறார், ஊர் எல்லையைத் தாண்டிக் கிழக்கே ஒரு தடவைகூடப் போனதில்லை. 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்து மறுபடி ரயில் விட்டதும் அவராகத்தான் கேட்டார். "எனக்கு ஸ்டேஷன் எங்க இருந்துச்சு, எங்க வீடு எங்க இருந்துச்சுங்கறது கலைஞ்சுக்கிட்டே வருது. ஒரு தடவை பார்த்துட்டா சரியாயிரும்." அழுகை, நெகிழ்ச்சி எதுவும் இல்லை. பேங்க் பாஸ்புக்கில் வரவு சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கப் போகிற தோரணை.

ஆகவே இந்த விமர்சனம் ஆட்டோவைப் பற்றியது எவ்வளவோ, அவ்வளவு அப்பத்தாவைப் பற்றியதும்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வண்டி. ஷேர் ஆட்டோவில் முதியவர்களை ஏற்றாதீர்கள், படி உயரம். சாதாரண ஆட்டோ பரவாயில்லை. பக்கவாட்டில் தார்ப்பாய் இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள், மணல் கண்ணில் அடிக்கும். எங்கள் ஓட்டுநருக்கு முப்பது வயது இருக்கலாம். பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைச் செருகி வைத்திருந்தார். "மணல்ல நடக்க முடியாதவங்களுக்கு இதைப் போட்டு உக்கார வச்சிருவேன்க்கா" என்றார். இதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள், அவராகச் செய்தது. இந்த ஒரு விஷயத்துக்காகவே மற்ற குறைகளை நான் கொஞ்சம் அடக்கி எழுதுகிறேன்.

குறை என்னவென்றால், கதை. தனுஷ்கோடிக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரிடமும் ஒரு மனப்பாட வசனம் இருக்கிறது. வண்டி நகர்ந்ததும் ஆரம்பித்து முனையில் போய்த்தான் நிற்கும். இந்தப் பக்கம், வடக்கே, பெண் கடல்; அந்தப் பக்கம், தெற்கே, ஆண் கடல். இங்கிருந்து இலங்கை முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. சாவித்திரியும் ஜெமினி கணேசனும் அன்றைக்கு ராமேஸ்வரத்தில் மாட்டிக்கொண்டார்கள். புயலில் போன ரயில் பெட்டி இன்னும் கடலுக்கடியில் இருக்கிறது, தண்ணீர் வற்றினால் தெரியும். ராத்திரியில் யாரோ அழுகிற சத்தம் கேட்கும். பாதி உண்மை, பாதி மசாலா. 'பேய் நகரம்' என்ற வார்த்தை மட்டும் பத்து முறையாவது வந்திருக்கும்.

தாம் யார் என்று சொல்லக் கூடாது என்று அப்பத்தா முன்கூட்டியே என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர் பாட்டுக்கு முந்தானையால் தலையைச் சுற்றிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கோதண்டராமர் கோயில் வந்தது. அந்தப் புயலுக்கும் தாக்குப்பிடித்து நின்ற கோயில். உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்து ஏறினார். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, வசனத்தின் உச்சத்துக்கு வந்தார்.

"ஒரே நைட்டுக்கா. காலையில பார்த்தா ஊரே இல்ல. இந்த ஊர்ல இருந்தவங்கள்ல ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளுகூட மிஞ்சல."

"அப்ப நான் யாரு தம்பி?" என்றார் அப்பத்தா.

ஆட்டோ ஓரமாக நின்றது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஒரு நிமிஷம் கழித்து, "ஆத்தா, நீங்க இந்த ஊரா?" என்றார். "ஓட்டு ஓட்டு, வெயில் ஏறுது" என்று அப்பத்தா சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அவர் வசனம் ஒன்றுகூடப் பேசவில்லை. கேட்க ஆரம்பித்தார். இந்தச் சவாரி நன்றாக மாறியது அங்கிருந்துதான்.

சர்ச்சுக்கு எல்லோரும் போகிறார்கள், நாங்களும் போனோம். பவளப் பாறைக் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்கள், கூரை கிடையாது. கிட்டப் போய்ப் பார்த்தால் கல் முழுக்கப் பொடிப் பொடி ஓட்டை, தேன்கூடு மாதிரி. ஒரு ஜோடி கல்யாணப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. பெண்ணின் பாவாடை விரிப்பைப் பிடித்துப் பறக்கவிட ஒரு பையனை வைத்திருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. அப்பத்தாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை, அந்தப் பெண்ணின் நகையைத்தான் உற்றுப் பார்த்தார். "கிறிஸ்துமஸுக்கு மூணு நாள் முந்தி அது. இங்க தோரணமெல்லாம் கட்டியிருந்தாக. எங்களுக்கும் கேக்கு குடுப்பாக, அதுக்காக நாங்க போயி நிப்போம்" என்றார். அவ்வளவுதான். இங்கே இதற்கு மேல் நேரம் செலவழிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வாசலில் சங்கு, சிப்பிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. முத்து என்று விற்பதை வாங்காதீர்கள்.

ஸ்டேஷன் இருந்த இடம் என்று காட்டுகிற இடத்தில் தூண்களும் சுவர்த் துண்டுகளும்தான் மிச்சம். நிறையப் பேர் ஆட்டோவிலிருந்தே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நாங்கள் அங்கேதான் அதிக நேரம் இருந்தோம். ஓட்டுநர் ஸ்டூலை எடுத்து வந்து ஒரு சுவர் நிழலில் போட்டார். அப்பத்தா உட்கார்ந்து, வலது கையை நீட்டி, இடது கையை நீட்டி, திசையைச் சரிபார்த்துக்கொண்டார். பிறகு ஊரை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார்.

அவருடைய அப்பா, அதாவது என் கொள்ளுத்தாத்தா, இந்த ஸ்டேஷனில் போர்ட்டர். பரமக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவர். கையில் பித்தளை வில்லை கட்டியிருப்பார். எழும்பூரிலிருந்து போட் மெயில் வரும். ரயிலிலிருந்து இறங்குகிறவர்கள் அப்படியே நடந்து போய்க் கப்பலில் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, அங்கே மறுபடி ரயில் ஏறிக் கொழும்புக்குப் போவார்கள். சென்னையில் ஒரு டிக்கெட் வாங்கினால் கொழும்பு வரை செல்லும். ரயிலுக்கும் கப்பலுக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச தூரம்தான் கொள்ளுத்தாத்தாவின் சம்பாத்தியம். தலையில் ஒரு டிரங்குப் பெட்டி, அதன்மேல் ஒரு படுக்கைச் சுருட்டு, தோளில் ஒரு கூடை. 1914இல் பாம்பன் பாலம் திறந்த கையோடு இந்தத் துறைமுகமும் வந்தது. அதிலிருந்து ஐம்பது வருஷம் இந்த ஊர் விடிய விடிய விழித்திருந்த ஊர். கஸ்டம்ஸ் ஆபீஸ், போஸ்ட் ஆபீஸ், பள்ளிக்கூடம், ரயில்வே குவார்ட்டர்ஸ், இட்லிக் கடை, கருவாட்டு மூட்டை. அக்கரையிலிருந்து வருகிறவர்கள் சோப்பு கொண்டுவருவார்களாம். "அந்த வாசனை பெட்டிக்கு வெளியவே அடிக்கும். எங்கப்பா தூக்கிட்டு வந்தா அவரு தலையும் மணக்கும்."

"ராமேஸ்வரத்துலேருந்து வர்ற ரயில்தானே ஆத்தா?" என்று ஓட்டுநர் கேட்டார். இல்லை. பாம்பனிலேயே தண்டவாளம் இரண்டாகப் பிரியும், ஒன்று ராமேஸ்வரத்துக்கு, இன்னொன்று தனுஷ்கோடிக்கு. மெயில் ராமேஸ்வரத்தைத் தொடாமலேயே நேராக இங்கே வந்துவிடும். "ராமேஸ்வரம் சாமி ஊரு. இது சம்பாத்திய ஊரு" என்றார் அப்பத்தா. ஓட்டுநர் ராமேஸ்வரத்திலேயே பிறந்து வளர்ந்தவர், இதை அவர் கேள்விப்பட்டதே இல்லையாம்.

நான் இந்தக் கதைகளைச் சின்ன வயதிலிருந்து துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறேன். அப்பா இருக்கும்போது அப்பத்தா அந்த ராத்திரியைப் பற்றிப் பேசமாட்டார். எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் ரேடியோவில் புயல் செய்தி வந்தால் யாராவது ஒருவர் எழுந்துபோய் அணைப்பார்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். முழுசாக, ஒரே மூச்சில், இடத்தைக் காட்டிக் காட்டி அவர் சொன்னது அன்றைக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்தே காற்றும் மழையும். மார்கழியில் இந்தப் பக்கம் அது புதிதில்லை, அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ராத்திரி பாம்பனிலிருந்து ஒரு பாசஞ்சர் வரும், அதற்கு ஆள் வேண்டும் என்று கொள்ளுத்தாத்தா ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். வீட்டில் கொள்ளுப்பாட்டி, அப்பத்தா, மூன்று வயதுத் தம்பி. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஓலைக் குடிசை. ஓலை பறந்துபோனதும் பக்கத்து வீட்டு ஆட்களோடு குவார்ட்டர்ஸ் திண்ணைக்கு ஓடியிருக்கிறார்கள். அங்கே நிற்கும்போது காலில் தண்ணீர் பட்டது.

"ஆண் கடல்லேருந்துதான ஆத்தா அலை வந்துச்சு?"

"எனக்கு வந்தது வடக்கேருந்து" என்றார் அப்பத்தா. "மத்தவகளுக்கு எங்கேருந்து வந்துச்சோ. நாங்க தெக்க கடலைப் பார்த்துக்கிட்டு நிக்கிறோம், அது முதுகுப் பக்கம் வருது. வெதுவெதுன்னு இருந்துச்சு தண்ணி. மழை ஐஸா இருக்கு, இது வெதுவெதுன்னு. அதான் கடத்தண்ணின்னு தெரிஞ்சுச்சு."

அங்கிருந்து ஒரு மணல் மேட்டுக்கு ஏறியிருக்கிறார்கள். கொள்ளுப்பாட்டி தன் முந்தானையை அப்பத்தாவின் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டியிருக்கிறார். தம்பியை இடுப்பில் வைத்திருக்கிறார். இருட்டு. அலை மேட்டின் மேலேயும் ஏறி இறங்கியிருக்கிறது. பொழுது விடிந்தபோது முந்தானை மணிக்கட்டில் இருந்தது, இடுப்பில் தம்பி இல்லை. "எப்பன்னு எங்கம்மாவுக்கே தெரியல. கை அப்படியே வளைஞ்சபடிதான் இருந்துச்சு" என்று அப்பத்தா சொன்னார். சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை என்னிடம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

நானும் பேசவில்லை, ஓட்டுநரும் பேசவில்லை. பக்கத்தில் ஒரு குடும்பம் வந்து, "அண்ணே, இதுதான் ரயில்வே ஸ்டேஷனா?" என்று கேட்டது. ஓட்டுநர் ஆமாம் என்றார்.

அந்த ரயில் கதைக்கு அப்பத்தாவே வந்தார். 653ஆம் எண் பாசஞ்சர், ராத்திரி 11:55க்குப் பாம்பனை விட்டது, தனுஷ்கோடியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. நூறு பேருக்கு மேல், ஒருவரும் பிழைக்கவில்லை. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். டிரைவர் நீளமாக விசில் அடித்தார் என்று எல்லோரும் சொல்வதை எங்கள் ஓட்டுநரும் சொன்னார். அப்பத்தா கையைக் காட்டி மறித்தார். "எங்கப்பா பிளாட்பாரத்துலதான் நின்னாரு, அந்த ரயிலுக்குத்தான் நின்னாரு. காத்துச் சத்தத்துல பக்கத்துல நிக்கிறவன் கத்துறதே கேக்கலைன்னு சொல்வாரு. விசிலு எப்படிக் கேக்கும்? ரயிலு லேட்டுன்னுதான் அவரு நெனச்சுக்கிட்டு இருந்திருக்காரு." காலையில் அவர் மேட்டுக்குத் தேடி வந்தபோது மேலே சட்டை இல்லை, கையில் பித்தளை வில்லை மட்டும் இருந்ததாம்.

இறந்தவர்கள் 1,800 பேருக்கு மேல் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. காற்று மணிக்கு 280 கிலோமீட்டர் வேகம், அலை ஏழு மீட்டர் உயரம் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். மன்னார் பக்கமும் அடி பலம். இந்த எண்களெல்லாம் ஓட்டுநருக்கு விரல் நுனியில் இருக்கின்றன. மறுநாள் என்ன ஆயிற்று என்றுதான் அவருக்கு எதுவும் தெரியவில்லை. குடிக்கத் தண்ணீர்தான் பெரும்பாடாயிற்று. இந்த மண்ணில் கையால் ஒரு முழம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும், இப்போதும் இங்கிருக்கிற மீனவர்கள் அப்படித்தான் எடுக்கிறார்கள். அன்றைக்குத் தோண்டிய இடமெல்லாம் உப்பு. எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்த ஒரு பித்தளைத் தட்டை ஏந்தி மழைத் தண்ணீர் பிடித்து, முதலில் குழந்தைகளுக்கு, பிறகு மற்றவர்களுக்கு. பாலம் உடைந்துவிட்டதால் உடனே உதவிக்கு வர வழியில்லை. கொஞ்சம் நடந்து, கொஞ்சம் வள்ளத்தில் என்று ராமேஸ்வரம் போய், அப்புறம் மண்டபம், அப்புறம் பரமக்குடி. பாலத்தை 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள், அந்த வேலையைப் பார்த்த இளம் எஞ்சினியர்தான் பிற்பாடு டெல்லி மெட்ரோ போட்ட ஸ்ரீதரன். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் மட்டும் திரும்பப் போடவில்லை. ஊர் வாழத் தகுதியில்லை என்று அரசு அறிவித்துவிட்டது. கப்பலை ராமேஸ்வரத்துக்கு மாற்றினார்கள். அப்போது பழைய போர்ட்டர்கள் சிலர் அங்கே வேலைக்குப் போயிருக்கிறார்கள், கொள்ளுத்தாத்தா போகவில்லை. செங்கல் சூளைக்குப் போனார்.

வீடு இருந்த இடத்தை அப்பத்தா கண்டுபிடித்தாரா என்று கேட்பீர்கள். உத்தேசமாக. ஒரு கருவேலஞ்செடியைக் காட்டி, "அங்கனக்குள்ள இருக்கும்" என்றார். போய்ப் பார்க்கலாமா என்றேன். "எதுக்கு, முள்ளு குத்தும்" என்றார்.

அரிச்சல்முனை பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ரோடு வட்டமாக முடிகிற இடத்தில் சிங்கமுகத் தூண், சுற்றிக் கூட்டம், செல்ஃபி. போனில் இலங்கை நெட்வொர்க் பிடிக்கும் என்பதால் ரோமிங்கை அணைத்துவிட்டுப் போங்கள். தண்ணீரில் இறங்க வேண்டாம், சுழல் உண்டு. அப்பத்தா ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை. "கப்பல் நிக்கிற எடம் இது இல்லையே" என்று கேட்டதோடு சரி.

சாப்பாடு. வழியில் ஓலைக் கொட்டகைகளில் மீனை மசாலா தடவி அடுக்கி வைத்திருக்கிறார்கள். காட்டினால் பொரித்துத் தருவார்கள். விலையை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு கேட்டால் வருத்தப்படுவீர்கள். நாங்கள் சாப்பிட்டது பாறையும் கணவாயும். மீன் புதிது, அதில் குறையே இல்லை. மசாலாவில் கலர் பவுடர் அதிகம், கை கழுவியும் சிவப்பு போகவில்லை. அப்பத்தா சூடை மீன் இருக்கிறதா என்று கேட்டார். "அதெல்லாம் டூரிஸ்டுக்குப் போடறதில்ல ஆத்தா, முள்ளு" என்றார் கடைக்காரப் பெண். தன் வீட்டுக்கு வைத்திருந்த குழம்பில் ஒரு கரண்டி ஊற்றிக்கொடுத்தார், காசு வாங்கவில்லை. இந்தப் பயணத்தில் சாப்பாட்டுக்கு நான் மார்க் போட்டால் அந்த ஒரு கரண்டிக்குத்தான்.

கழிப்பறை விஷயத்தை யாரும் எழுதுவதில்லை, நான் எழுதிவிடுகிறேன். வயதான பெண்களோடு போகிறவர்கள் ராமேஸ்வரத்திலேயே வேலையை முடித்துக்கொண்டு கிளம்புங்கள். வழியில் நம்பிப் போகக்கூடிய மாதிரி எங்கள் கண்ணில் ஒன்றும் படவில்லை. அதைப் போலவே நிழலும் குறைவு. காலை எட்டு மணிக்குள் கிளம்பினால் பத்தரைக்குள் திரும்பிவிடலாம். சாயங்காலம் போனால் வெளிச்சம் அழகு, ஆனால் இருட்டுவதற்குள் போலீஸ் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், நின்று பேச நேரம் இருக்காது.

இனி இந்தச் சேவை மொத்தத்தில் எப்படி என்றால், வண்டி நல்லது, ஆள் நல்ல ஆள், விற்கிற சரக்குதான் பாதி. ஊர் எப்படிச் செத்தது என்பதை மட்டும் விற்கிறார்கள். எப்படி இருந்தது என்பதைக் கேட்டால் சொல்ல ஆளில்லை. ஓட்டுநர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, வருகிறவர்கள் பேய்க் கதையைத்தான் கேட்கிறார்கள். நாங்கள் பார்த்த இடங்களில் சர்ச் இது, ஸ்டேஷன் இது என்பதைத் தாண்டி, கப்பல் எங்கே நின்றது, கடைத்தெரு எங்கே இருந்தது என்று காட்டுகிற ஒரு படமாவது வைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். இறந்தவர்களில் ஒருவர் பெயராவது எங்காவது எழுதியிருக்கிறதா என்று நான் தேடினேன். நாங்கள் நின்ற இடங்களில் இல்லை. அப்பத்தாவின் தம்பி பெயர் எங்கள் வீட்டு ரேஷன் கார்டில்கூட ஏறியதில்லை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ அந்த ஊரிலிருந்து வந்தவர்கள் இருந்தால், இப்போது அவர்களுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும், முடிந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். யாரும் இல்லையென்றால் ஓட்டுநரிடம், "அண்ணே, கதை வேண்டாம், இங்க பிறந்து வளர்ந்த வயசானவங்க யாராவது இருந்தா காட்டுங்க" என்று கேளுங்கள். முனைக்குப் போகும் வழியில் குடிசைகள் இருக்கின்றன. மீன் வாங்கிக்கொண்டு பேச்சுக் கொடுத்தால் பேசுவார்கள்.

திரும்பி வந்து இறங்கியதும் பேசிய பணத்துக்கு மேல் நூறு ரூபாய் கொடுத்தேன். ஓட்டுநர் வேண்டாம் என்றார். அப்பத்தா, "பெட்டி தூக்குனா கூலி வாங்கணும் தம்பி" என்று அவர் சட்டைப் பையில் செருகிவிட்டார்.

மறுநாள் காலை ரயிலுக்குப் போகும்போது ஸ்டேஷன் வாசலில் அந்த ஓட்டுநர் கோயம்புத்தூர்க்காரர்கள் சிலரிடம் சவாரி பேசிக்கொண்டிருந்தார். எங்களைக் கவனிக்கவில்லை. "அண்ணே, நான் சும்மா சொல்லல. அந்தப் புயல்ல பொழச்ச ஆத்தா ஒருத்தங்க நேத்து என் வண்டியிலதான் வந்தாங்க. அலை வடக்கேருந்து வந்துச்சாம். அந்த ரயில்ல வந்து, ஜன்னல் வழியா குதிச்சுத் தப்பிச்சவங்க அவங்க."

அப்பத்தா நின்றார். "நான் எப்ப ரயில்ல வந்தேன்?" என்று என்னைக் கேட்டார். போய்ச் சொல்லட்டுமா என்றேன். "வேணாம், சவாரி கெட்டுரும்" என்று சொல்லிவிட்டு பிளாட்பாரத்தைப் பார்த்து நடந்தார்.